நாலாவது கையசைப்பு

"மினசோட்டாவிலேயே கணக்குத் தெரியாத மரக்கட்டை என் வீட்லதான் இருக்கு, மச்சான். மூணு சொன்னா நாலு செய்யுது!"

ஆர்வில் அடித்துவிடுவதில் மன்னர். அவர் பிடித்ததாகச் சொல்லும் மீன்களுக்கு ஊர் ஏரி போதாது. இறந்துபோன மனைவி மார்லிஸின் தம்பி டெல்மர் நம்பவில்லை.

கணினி இயக்கும் செதுக்கு இயந்திரத்தில் குளிர்காலம் முழுக்க ஆர்வில் செய்த மரப்பெண், மார்லிஸ் வழக்கமாக நிற்கும் சமையலறை ஜன்னலில் நின்றாள். கைப்பிடியைச் சுற்றினால், மூன்று மேடு வைத்த சக்கரம் அவள் கையை மூன்று முறை உயர்த்தும். கிளம்பும் விருந்தாளிகளுக்கு மார்லிஸும் மூன்று முறைதான் கையசைப்பாள்.

டெல்மர் மேடுகளை எண்ணினார். "மூணுதான்யா. தனியா இருந்து மூளை குழம்பிப்போச்சு உனக்கு. வீட்டை வித்துட்டு என்கூட வந்துடு."

"மத்தவங்க போனா மூணுதான். நீ கிளம்பினா மட்டும் நாலு. போய்ப் பாரேன்."

கிளம்புவதற்கு அடையாளமாகத் தொடையைத் தட்டிக்கொண்டு டெல்மர் எழுந்தார். வண்டி நகர்ந்ததும் ஆர்வில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மரக்கை மூன்று முறை அசைந்து நின்றது.

தெருமுனையில், பனிக்கு நடுவே, வண்டியின் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது. நெடுநேரம் அணையவில்லை. பிறகு வண்டி பின்னோக்கியே வந்தது.

டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"நாலாவதை நீ சுத்தலியே?"

"மூணுக்கு அப்புறம் தொடவே இல்ல." ஆர்விலுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த நாலாவது எதுக்குன்னுதான் எனக்குப் புரியல."

"முனையில திரும்பும்போது அக்கா எனக்குன்னு இன்னொண்ணு அசைப்பா. வண்டிக் கண்ணாடியில பாப்பேன். அவ போனதுலேர்ந்து பாக்கறதையே விட்டுட்டேன்." டெல்மர் ஜன்னலைப் பார்க்காமலே சொன்னார். "இன்னிக்குப் பாத்தேன். அசைச்சா, மச்சான்."