ஒரு காதில் சீனியர்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் சீனியர், கதவருகே கணக்காளர், நடு மேசையில் சமையல் கேஸ் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அவளை நிரந்தரமாக்கலாமா என்று சீனியர் அன்று தலைமை அலுவலகத்துக்கு எழுதியாக வேண்டும்.

"நேத்தே கேட்ட ரிப்போர்ட் எங்கேம்மா?" அவள் மேசைமுன் வந்து கத்தினார்.

"பதறாதீங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."

"நானா பதறுறேன்? கொழுப்பைப் பார்த்தீங்களா சார்!"

கணக்காளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிதானமா மூச்சு விடுங்க." அவள் குரலில் அதே கனிவு.

"எழுந்து வெளியே போ! நாளைக்கு வராதே!"

"அப்படியே வெளியே வந்துடுங்க. சுவிட்சைத் தொடாதீங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டீங்களா?"

சீனியர் குனிந்து பார்த்தார். கூந்தலுக்குள் மறைந்திருந்த ஒற்றைக் காது ஹெட்செட் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

சற்று நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். "வீட்டுக்குள்ள கேஸ் கசிவு சார். அம்மாவும் குழந்தையும் வெளியே வந்துட்டாங்க. நம்ம ஆளுங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. போன்ல இருக்கேன்னு சிவப்பு விளக்கைப் போட மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க."

"அப்போ நான் கத்தினதெல்லாம்?"

"இந்தக் காதுல கேட்டுச்சு சார். என் குரல் மாறினா அந்தம்மா மிரண்டுடுவாங்களே!"

சீனியர் தன் இருக்கைக்குத் திரும்பினார். 'இவரை உடனே நிரந்தரமாக்குங்கள். எனக்கே இவர்தான் பயிற்சி தர வேண்டும்' என்று எழுதி, உறையை ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.