காலிக் கல்லறை

தன் கல்லறைமேல் யாரோ மெழுகுவத்தி ஏற்றிவைத்திருப்பதைப் பார்த்ததும் இக்னேஷியசுக்குக் கைகால் உதறலெடுத்தது.

செத்தவருக்கு உதறல் எடுக்குமா என்று கேட்காதீர்கள். மனிதர் உயிரோடுதான் இருந்தார். பிற்காலத்தில் தன்னை யாரும் மூலையில் தள்ளிவிடக் கூடாது என்று, அறுபது முடிந்த கையோடு, கல்லறைத் தோட்டத்தின் நடுவில் குழி எடுத்துச் செங்கல் கட்டி, மேலே கறுப்புக் கிரானைட் மூடி போட்டு, பேரையும் பிறந்த தேதியையும் வெட்டிவைத்திருந்தார். இன்னொரு தேதிக்குத்தான் இடம் விட்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பாளரும் அவர்தான். யாருக்கு எங்கே குழி என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். போன ஆடி மாசம்கூட, சேதராப்பட்டு கம்பெனி வேலைக்கு வந்து இங்கே வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் அடக்கத்துக்கு இடம் கேட்டு வந்து கேட்டண்டை நின்றது. கோயில் பங்குப் பதிவேட்டில் பேர் இல்லை என்றதும், முகத்தைக்கூடப் பார்க்காமல், "இங்க இடமில்ல, வேற எங்கனா பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்கக் காலையிலேயே வந்தவர் கண்ணில்தான் இது பட்டது. ஒரு மெழுகுவத்தி, கை அகலத்துக்கு ஒரு சாமந்திச் சரம், ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் பால்.

"எனக்குப் பாலே ஊத்திட்டானுங்களா!"

புதைத்த மறுநாள் ஊற்றுகிற பாலைத்தான் சொன்னார். போன மாசம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த ஆளுக்கு எப்படி இருக்கும்? ஆத்திரத்தில் டம்ளரைக் காலால் எட்டி உதைத்தார். குழி வெட்டுகிற ஆதிமூலம் ஓடி வந்தான்.

"எவன்டா வெச்சது?"

"எனக்கு இன்னா சார் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன், தலைத்துண்டை அவிழ்த்துக் கல்லைத் துடைத்தான். மற்றக் கல்லறைகளில் ஏறி நின்று வெள்ளையடிக்கிறவன், இதை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். அந்த மரியாதையாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார் இக்னேஷியஸ்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோபனாவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஆவாதவன் எவன் எவன்னு சொல்லுடி."

"ஆவுறவங்கள எண்ணுனா சீக்கிரம் முடியுமேங்க" என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே. "தவக்காலம் வந்தா மைக்கைப் புடிச்சிக்கினு ஊருக்கெல்லாம் ஆன்ம சோதனை சொல்லிக் குடுக்கறீங்க. ஒரு நாளு நீங்களும் பண்ணிப் பாருங்களேன்."

உட்கார்ந்து கண்ணை மூடினார். கறுப்புக் கல்லில் அந்த இன்னொரு தேதி எழுத்து எழுத்தாக வெட்டுப்படுவது தெரிந்தது. யாரோ பக்கத்தில் மண்டியிட்டு முணுமுணுவென்று ஜெபம் சொல்வதுபோல் காதில் கேட்டது. கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. மூடினால் மறுபடியும் அதே முணுமுணுப்பு.

ஒவ்வொரு முகமாக வந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத தம்பி சகாய சுரேஷ். கோயில் பாடகர் குழுவிலிருந்து இவர் விரட்டிய ஆரோக்கிய பிரகாஷ். இன்னும் மூன்று பேர். ஐந்து பேருமே ஊரில் பேர் சொல்லும்படி இருக்கிறவர்கள்.

உயிர்ப்பயம் வந்தால் வீம்பு எங்கே நிற்கும்? மழைத் தூறலில் குடைகூட எடுக்காமல் ஐந்து வீட்டுப் படியும் ஏறி மன்னிப்புக் கேட்டார்.

"மாதா மேல சத்தியமா நான் வெக்கலண்ணே" என்றான் தம்பி. "ஆனா நீ என் வூட்டுக்கு வந்துட்ட பாரு, அது போதும்." சொல்லிவிட்டு அழுதான். இக்னேஷியசும் அழுதார். மற்ற நாலு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வைத்தது மட்டும் அவர்கள் யாரும் இல்லை.

சாயங்காலம் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்று நடந்தார். மனசில் பயம் பாதி, பெருமை பாதி. ஒரே நாளில் ஐந்து பேரிடம் மன்னிப்புக் கேட்க இந்தப் பங்கில் வேறு எவனுக்கு மனசு வரும்?

கறுப்புக் கல்லின் முன்னால் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். புது மெழுகுவத்தி. மறுபடியும் அதே டம்ளர், அதில் பால். காலையிலிருந்து அவர் காதில் கேட்ட முணுமுணுப்பு அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவருக்கு ஆளைத் தெரியவில்லை. ஆனாலும் இன்று பழகிய தாழ்மை கைவசம் இருந்ததால் கும்பிட்டார்.

"யாரும்மா நீ? ஒனக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்? எதுவா இருந்தாலும் மன்னிச்சுடும்மா. அந்தப் பால மட்டும் எடுத்துடு. பயமா இருக்குது."

சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கையை நீட்டினார். எங்கிருந்தோ வந்த ஆதிமூலம் குறுக்கே நின்றான்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க சார். ஆடி மாசம் கேட்டுல வந்து நின்னுச்சே, மரிய சுகந்தி, அதான் இது. நீங்க எடமில்லன்னுட்டீங்க. இது சும்மாதானே கெடக்குதுன்னு நான்தான் கல்லத் தள்ளி எடம் குடுத்தேன்."

இக்னேஷியசின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மரிய சுகந்தி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"காலையில வெச்சதக் கொட்டிட்டீங்க சார்... இதயாவது எம்புள்ள குடிக்கட்டும்."