காதலனின் முகமூடி

வாய்ச்சவடால் தளபதி வேடம் போட்டுப் போட்டே கால்வஸுக்குத் தலை நரைத்துவிட்டது. ஒற்றைக் கையால் மூன்று ராஜாக்களைக் கவிழ்த்ததாக மேடையில் முழங்குவான். கடைசிக் காட்சியில் சமையல்காரனிடம் உதை வாங்கிக்கொண்டு ஓடுவான். ரோமாபுரிக்கு அது போதும். இன்று காதலன் வேடக்காரன் லூப்பஸ் குடித்துவிட்டு எழுந்திருக்காததால், அவனுடைய வழவழப்பான முகமூடி கால்வஸின் தலையில் ஏறியது. காதலியின் சாத்திய கதவிடம் கெஞ்சும் காட்சியில், அரங்க வாசலில் அத்திப்பழம் விற்கும் செர்வியாவைப் பார்த்தபடியே அத்தனை வசனத்தையும் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் மாலையோடு வந்தவள், அப்போதுதான் எழுந்து வந்திருந்த லூப்பஸிடம் நேரே போனாள்.

"அது நான் இல்லம்மா, இந்த அண்ணன்தான்," என்றான் அவன், கொட்டாவி விட்டபடி.

"போய்யா, விளையாடாதே." கால்வஸை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவா? எங்கே, அந்தக் கதவு வசனத்தைச் சொல்லுங்க பார்ப்போம்."

கால்வஸ் தொண்டையைச் செருமினான். நெஞ்சு தானாக நிமிர்ந்தது, கை இடுப்பில் வாளைத் தேடியது. "கதவே!" என்று ஒரு கர்ஜனை வந்தது. மூன்று ராஜாக்களும் கவிழ்ந்திருப்பார்கள். செர்வியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாலையை லூப்பஸின் கழுத்தில் போட்டுவிட்டு, "நாளைக்கும் வருவேன்," என்று சொல்லிப் போனாள்.

"நாளைக்கும் நீயே போட்டுக்கோண்ணே. எனக்கு உடம்பு முடியலே," என்று லூப்பஸ், கால்வஸ் கழற்றி வைத்திருந்த முகமூடியை எடுத்து நீட்டினான்.

அதன் உள்பக்கத்தில் வியர்வை இன்னும் காயவில்லை. கால்வஸ் வாங்கி, தன் மேலங்கியால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான்.