இன்னும் நீளமான ஆண்டெனா

"இதைவிட நீளமா ஒண்ணு குடுங்க" என்று அவர் தன் கையடக்க ஹாம் ரேடியோவைக் கடை மேசைமேல் வைத்தார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "போன வாரம்தானே சார் குட்டை ஆண்டெனாவைக் கழட்டிட்டு இதை மாட்டினோம்? இதுக்கு மேல நீளம்னா தூண்டில்தான் வாங்கணும்."

"பொண்ணுகிட்டேருந்து பதிலே வரலைங்க."

கடைக்காரர் கேலியை விட்டுவிட்டு ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுது ஒன்றும் தெரியவில்லை.

"நடுவுல மலை, உயரமான கட்டடம் ஏதாவது மறைக்குதா?"

அவர் ரேடியோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கதவு மறைக்குது."

"கதவா?"

"அவ ரூம் கதவு. அன்னைக்கு என் வார்த்தை தடிச்சுப்போச்சு. அப்ப சாத்தினவ இன்னும் பேசலை. முன்னெல்லாம் எவ்வளவு கோவமா இருந்தாலும், இந்த ரேடியோவுல கூப்பிட்டா மட்டும் அவ செட்டுலேருந்து பதில் சொல்லிடுவா."

கடைக்காரர் கையில் எடுத்த ஆண்டெனாவை மெல்லக் கீழே வைத்தார். "பக்கத்து ரூமுக்கு எந்த ஆண்டெனாவும் போதுமே சார்."

"தெரியும். நான் இதுல பேசறது உள்ளே அவ செட்டுல கேக்குது. கதவுக்கு வெளியே நிக்கிற என் காதுலயே விழுது. அவ அதை அணைக்கவும் மாட்டேங்கிறா, பேசவும் மாட்டேங்கிறா."