பறவை வராத கடற்கரை

வசந்தத்தில் வடக்கே திரும்பும் பறவைகளைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்த பதினோரு பேரில், அந்த வழுக்கைத்தலைக்காரர் மட்டும் வழிகாட்டிப் பெண்ணை நிம்மதியாக விடவில்லை.

“சேத்துல கொத்திட்டு இருக்கே, அது என்ன?”

“உள்ளான் சார்.”

“எத்தனை இருக்கும்?”

“ஆயிரத்துக்குக் குறையாது.”

“குத்துமதிப்பா வேண்டாம்மா. எண்ணிச் சொல்லுங்க.”

மூன்று மணி நேரமாக இதே பாட்டு. அவள் பொறுமை இழந்தாள்.

“இங்க ஹோட்டல் கட்டப்போற கம்பெனிதான் பறவையே வர்றதில்லைன்னு சொல்லிட்டுத் திரியுது. நீங்க அவங்க ஆளா சார்?”

அவர் பையிலிருந்து ஓர் அரசு அறிக்கையை எடுத்து நீட்டினார். ‘இக்கடற்கரைக்குப் பறவைகள் வருவதில்லை’ என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே அதிகாரியின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

“அந்த அதிகாரி நான்தாம்மா. நாளைக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா வேலை போயிடும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.”



அவர் அச்சான வரியைக் குறுக்கே அடித்தார். ‘இதுவரை நேரில் எண்ணியவை: நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு’ என்று எழுதி, அழுத்தமாகக் கையெழுத்திட்டார்.

“போனா போகட்டும். அந்த மணல்திட்டை இன்னும் எண்ணலையே, வாங்க.”