ஒரு மாத்துத் துணி

மேனாம்பேடு எல்லம்மாவின் புருஷன் மணவாளனுக்குச் சொத்தே இரண்டு சட்டைதான். ஒன்று உடம்பில், ஒன்று மஞ்சள் பையில். ஆசையே இல்லாத மனுஷன் என்று தெருவே மெச்சியது. கம்பெனி வேலையாக வாராவாரம் வெளியூர் போவதும் அதே பையோடுதான்.

“ராத்திரி தொவைச்சுப் போட்டா காலையில காஞ்சிடும். மூட்டை எதுக்கு?” என்பான்.

இந்த வாரம் அவன் கொண்டுவந்த சட்டையை எல்லம்மா தடவிப் பார்த்தாள். நீலம் முக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தது.

“யாருய்யா தொவைச்சது?”

“நான்தான்.”

“இங்க ஒரு கர்சீப்பு தொவைச்சிருக்கியா நீ?”

மணவாளன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

அடுத்த முறை அவன் கிளம்பியதும், முக்காடு போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் பின்னால் ஏறினாள். காட்டுப்பாக்கத்தில் அவன் நுழைந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். கழுத்தில் தாலியோடு ஒருத்தி திறந்தாள்.

“எவடி நீ? உள்ள போனது என் புருஷன்!”

அந்தப் பெண் எல்லம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கொடி நிறைய டெரிலின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லம்மா அவற்றையே வெறித்தாள்.

“அத்தினியும் அவருதுதான். பெட்டியில இன்னும் கீது. வெளியூரு போறப்ப மட்டும் ஒரு மாத்துத் துணி போதும்னு மஞ்சப் பையை எடுப்பாரு.” அவள் பார்வை எல்லம்மாவின் தாலியில் நின்றது. “அந்த வெளியூரு உன் ஊடுதானா?”