இஞ்சினை நிறுத்துங்கள்

“அண்ணே, மூணாவது தடவையா வரேன். இஞ்சினை ஆஃப் பண்ணுங்க!”

சிராங்கூன் சாலையோரத் திடலில் ‘சுத்தமான காற்று’ பிரசாரம். சும்மா நிற்கும் வண்டிகளின் இஞ்சினை அணைக்கச் சொல்வதுதான் தொண்டூழியர் ரக்‌ஷனாவின் வேலை. காலையிலிருந்து டாக்சிக்காரர்கள்கூட சொன்னதும் அணைத்துவிட்டார்கள். கூடாரத்துக்குப் பின்னால் நின்ற இந்த லாரி மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

“மேடம், அது வந்து…” என்று ஆரம்பித்தார் லாரி ஓட்டுநர் ரத்னவேல்.

“ஏர்கான் இல்லாம அஞ்சு நிமிஷம் உக்கார முடியாதா? அங்க பிள்ளைங்கல்லாம் வரிசையில நிக்கிறாங்க லா!”

“இல்ல மேடம், இந்த வண்டி…”

“இந்த வண்டிக்கு மட்டும் தனிச் சட்டமா? முதல்ல ஆஃப் பண்ணுங்க, அப்புறம் பேசுங்க.”

ரத்னவேல் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார்.

“இதுக்குப் போய் மூணு தடவை நடக்க வச்சிட்டீங்க” என்று அலுத்துக்கொண்டே திரும்பினாள் ரக்‌ஷனா.

கூடாரத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அலறினார்கள். பிரசாரத்துக்கென்றே இரண்டு மாடி உயரத்துக்கு ஊதி நிறுத்தியிருந்த நுரையீரல் பலூன், சிறப்பு விருந்தினரின் தலைமேல் மெல்லக் கவிழ்ந்துகொண்டிருந்தது.

“அதுக்குக் காத்தடிக்கிற மிஷினுக்கு இந்த வண்டியிலேர்ந்துதான் கரண்ட் போகுது, மேடம். அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வரேன்.”

ரக்‌ஷனா கையிலிருந்த ‘இஞ்சினை நிறுத்துங்கள்’ துண்டுப்பிரசுரங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அண்ணே… ஆன் பண்ணுங்க, ப்ளீஸ்.”